டிஸ்ப்ளே பீஸ்

டிசம்பர் 8, திங்கள்

அப்பா எனக்கு டேப்லெட் வாங்கி வந்துவிட்டார். நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. பிளஸ் டூ படிக்கிறவர்கள் எல்லோரும் வைத்திருக்க வேண்டும் என்று மிஸ் சொன்னதால் கேட்டேன். எங்கள் வீட்டில் மூன்று வருடமாகப் பெண்பிள்ளை கையில் போன் கொடுப்பதில்லை.

பெட்டி இல்லை. துண்டில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். நீல நிறத்தில் ஒரு பழைய கவர் போட்டிருந்தது. "டிஸ்ப்ளே பீஸு. வர்றவிய தொட்டுப் பாக்கறதுக்குக் கடைல வெச்சிருந்தது. கம்பெனிக்காரன் இந்த மாடலையே நிறுத்திப் போட்டானாம். பாதி வெலைக்குத் தள்ளி வுட்டானுங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

"எந்தூர்லங் மச்சான்?" என்று கேட்டார் குழந்தை மாமா.

"ஈரோட்ல."

குழந்தை மாமா அம்மாவின் தம்பி. முழுப்பெயர் குழந்தைவேல். அடுத்த தோட்டம் அவருடையது. இரண்டு லாரி ஓடுகிறது. கல்யாணம் ஆகாதவர் என்பதால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். டேப்லெட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "சிம்மு போடப்படாது. அப்பிடின்னா வெச்சுக்கட்டும்" என்றார். அப்பா தலையாட்டினார். மாமா சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் தலையாட்டுவோம்.

பிறகு அப்பா என்னிடம், "வாங்குன காசுக்கு வேல வாங்கோணும் அம்மிணி. சும்மா பொட்டியாட்டம் வெச்சிருக்கப்படாது" என்றார்.

எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, இந்த டேப்லெட்டின் வெளிச்சத்திலேயே எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் பின்பக்கம். யாரும் பார்த்துவிடக் கூடாது. என்ன எழுதப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கும்போது எழுதினால் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 10

கோச்சிங் ஆப் இதில் ஏறவில்லை. "உங்கள் கருவிக்கு இது பொருந்தாது" என்று வருகிறது. அழுகை வந்தது.

நஸ்ரினிடம் சொன்னேன். அவள் என் பெஞ்சு. அவள் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் செல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். "லூசு, இதுக்கெல்லாமா அழுவாங்க? அதே ஆப்போட பழசு இருக்கும். மெமரி கார்டக் குடு, அண்ணன் ஏத்திக் குடுப்பான்" என்றாள். மத்தியானமே ஏற்றிக் கொடுத்துவிட்டாள். பாடப்புத்தகம் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகப் போட்டிருந்தாள். ஓடுகிறது. மெதுவாக ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது.

சார்ஜ் வயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டேன்.

கவரைக் கழற்றித் துடைத்தபோது பின்னால் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. பெயர் பாதி கிழிந்துவிட்டது. போன் நம்பர் 0422 என்று தொடங்குகிறது. அது கோயமுத்தூர் நம்பர். ஈரோட்டுக் கடைக்குக் கோயமுத்தூர் நம்பர் எதற்கு? கிளை இருக்கும்.

கோயமுத்தூர் என்று எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை.

டிசம்பர் 13, சனி

டேப்லெட் என்னைப் பார்த்துத் திறந்துகொண்டது.

கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த நாலு எண்ணைப் போட்டுத்தான் இத்தனை நாள் திறந்தேன். இன்று காலை வாசலில் வெயிலில் உட்கார்ந்து எடுத்தேன். எண்ணைப் போடுவதற்கு முன்பே திறந்துவிட்டது. மூடினேன். மறுபடி எடுத்தேன். திறந்தது. முகம் காட்டினால் திறக்கும் வசதி இதில் இருக்கிறது, ஆனால் நான் என் முகத்தைப் பதியவே இல்லை. செட்டிங்கில் போய்ப் பார்த்தேன். "ஒரு முகம் பதிவாகியுள்ளது" என்று இருக்கிறது. யாருடைய முகம் என்று காட்டாது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா முகத்துக்குத் திறக்கவில்லை. அப்பா முகத்துக்கும் திறக்கவில்லை. எனக்கு மட்டும் திறக்கிறது.

அப்பா உடனே மோட்டார் போடப் போய்விட்டார்.

டிசம்பர் 15

நஸ்ரினிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

"அது பழைய மாடலுப்பா. ஜாடை ஒத்திருந்தாலே தொறந்துரும். என் போன் எங்கக்கா மூஞ்சிக்கும் தொறக்கும். அவ எல்லாத்தையும் படிச்சுப் போட்டு உம்மாகிட்ட மாட்டி வுடுவா" என்று சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள். என் அக்காவைப் பற்றி அவளுக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். போஸ்டர் அத்தனை சுவரிலும் ஒட்டியிருந்ததே.

டிசம்பர் 16

எழுதிவிடுகிறேன்.

என் அக்கா பெயர் சுகன்யா. மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துபோனாள். ஹாலில் அவள் போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரிகிறது. வெள்ளிக்கிழமை அம்மா துடைத்துப் பொட்டு வைப்பாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் "வருந்தும் தங்கை" என்று என் பெயரும் இருந்தது.

உடம்பை யாரும் பார்க்கவில்லை.

அக்கா வேன் டிரைவர் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கோயமுத்தூர் போனாள். வேறு ஆட்கள். மாமாவுக்கு அக்காவைக் கொடுப்பதாக அவள் பிறந்ததிலிருந்தே பேச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸில் அவள் கையெழுத்துப் போட்ட செய்தி வந்த அன்று அப்பாவைத் தலைமுழுக வைத்தார்கள். மறுநாள் போஸ்டர். மாமாதான் அச்சடித்தார். சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டோம். அம்மா பந்தியில் சோறு போட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் மாமா லாரியை எடுத்துக்கொண்டு லோடு இல்லாமல் எங்கோ போய்விட்டு வந்தார். வாய்க்காலில் நிறுத்தி அவரே லாரியைக் கழுவினார். டிரைவரைக் கழுவ விடவில்லை. அன்று எங்கள் வீட்டில் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் எனக்கு அக்கா செத்துவிட்டாளா, செத்ததாகச் சொல்கிறோமா என்று தெரியாது. மூன்று வருடமாகத் தெரியாது. போட்டோவைப் பார்க்கும்போது எந்த மாதிரிப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாது.

டிசம்பர் 21, ஞாயிறு

அக்கா பேசினாள்.

ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறது. மிஸ் நடத்துவதைப் பதிந்துகொள்ளலாம் என்று திறந்தேன். ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. அக்டோபர் மாதத் தேதி. இந்த அக்டோபர்.

மாட்டுக்கொட்டகையில் போய், காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். கடைச் சத்தம். பிறகு அவள்.

"இங்க தொட்டா ரெக்கார்டு ஆகுமுங்க. நீங்களே பேசிப் பாருங்க."

"என்னத்தப் பேசறது?" என்று ஒரு வயசான பொம்பளை. "ஏங்கண்ணு, உனக்கு எத்தன மாசம்?"

"ஆறு முடியுதுங்க."

"நின்னுட்டே இருக்கறயே. சித்த உக்கார வேண்டியதுதான?"

"உக்காந்தா டேப்லெட்ட யாருங் விக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது மூக்கில் ஒரு சத்தம் வரும், பன்னிக்குட்டி என்று நான் கேலி செய்வேன். அந்தச் சத்தம் அப்படியே இருந்தது.

அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள்.

டிசம்பர் 22

நேற்று சந்தோஷம். இன்று அது போய்விட்டது.

இந்த டேப்லெட் கெட்டுப்போனால் என்ன ஆகும்? கடைக்குக் கொண்டுபோவார்கள். அப்பா வெளியூர் வேலையை எல்லாம் மாமாவிடம்தான் கொடுப்பார். மாமா லாரியில் போவார். ஸ்டிக்கரில் நம்பர் இருக்கிறது. அந்தக் கடையில் நிற்பது யார் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆறு மாதம் என்றால் இப்போது எட்டு முடிந்திருக்கும். அவளால் ஓடக்கூட முடியாது.

ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டேன். பதிவுக்கு "கெமிஸ்ட்ரி 4" என்று பெயர் மாற்றிவிட்டேன். அழித்திருக்க வேண்டும். விரல் வரவில்லை.

இனி இது கெடவே கூடாது. கெட்டாலும் யாருக்கும் தெரியக் கூடாது.

ஜனவரி 4

டேப்லெட்டைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறேன்.

அப்பாவுக்குத் தினமும் சின்ன வெங்காய ரேட் எடுத்துக் காட்டுகிறேன். கிணற்று மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு விட்டுப்போன சீரியலை அப்பா போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கி வைக்கிறேன். பாதி சார்ஜ் இருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடும். அதனால் எப்போதும் ரப்பர் பேண்டோடு வயரில் கிடக்கிறது. சூடு ஏறினால் ஈரத்துணி மேல் வைக்கிறேன். யாராவது பார்த்தால், "நல்லா ஓடுதுங்க, புதுசவிட இதுதான் தேவலாமுங்க" என்கிறேன்.

அம்மா, "ஏம்புள்ள, அதக் கட்டிக்கிட்டே கெடக்கற? கொழந்தையாட்டம் தொடைக்கிற" என்றாள்.

டெஸ்டில் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க். உண்மையிலேயே இதில்தான் படித்தேன். அதுவும் ஒரு பக்கம் நடக்கிறது.

ஜனவரி 15, பொங்கல்

மாமா எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வந்தார். அக்காவுக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுப்பார். உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சு அசலு" என்றார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பன்னண்டு முடியட்டும்" என்றார் மாமா. எது முடியட்டும், முடிந்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. மேற்கொண்டு படிப்பதைப் பற்றித்தான் இருக்கும்.

ஜனவரி 19

அம்மா சுக்கு, திப்பிலி, கருப்பட்டி எல்லாம் போட்டு லேகியம் கிண்டினாள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் லேகியம். யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்கு இடுப்பு வலி" என்றாள்.

ஒரு பெரிய பாட்டில் நிறைய.

ஜனவரி 27, செவ்வாய்

சார்ஜ் வயர் அறுந்தே போய்விட்டது. மறைக்க முடியவில்லை. இந்த மாடல் வயர் தாராபுரத்தில் கிடைக்கவில்லை என்று நஸ்ரின் அண்ணன் கைவிரித்துவிட்டார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "குடுங், நான் வாங்கியாறேன். எந்தக் கடை?" என்றார்.

"உனக்கெதுக்கு மாப்ள செரமம்? எனக்கு ஈரோட்ல ஒரு சோலி இருக்குது" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஈரோட்டில் என்ன சோலி என்று தெரியவில்லை. அவர் அதிகம் வெளியே போகாதவர்.

இன்று விடியற்காலை போய் இருட்டியதும் வந்தார். வயர் வாங்கி வந்தார். சரியாகப் பொருந்துகிறது. அம்மா அவர் கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தாள். தோள்பட்டையில் புளித்த பால் மாதிரி ஒரு கறை. முகர்ந்து பார்த்தாள். துவைக்கப் போடவில்லை. மடித்து பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு வரவர மறதி.

லேகிய பாட்டிலையும் காணோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நான் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன்.

மாமா இன்று எங்கள் வீட்டு டேப்லெட்டில் வெங்காய ரேட் பார்த்தார். வாடகைக் கணக்கு, டீசல் கணக்கு எல்லாம் இதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "வெச்சுக்கலாம் மாமா, எல்லாமே இருக்குது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"அப்ப எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். பாதி வெலைக்கு எவன் தருவான்? மச்சான், கடை பேரச் சொல்லுங்."

கெட்டுப்போனால் கடைக்குப் போவார் என்று பயந்து பயந்து நல்லபடியாக வைத்திருந்தேன். நல்லபடியாக வைத்திருந்ததால் கடைக்குப் போகப் போகிறார்.

"கம்பெனில நிறுத்திட்டாங்க மாமா. இனிமே வராது" என்றேன்.

"நீ சித்த சும்மா இரு. மூலைல ஒண்ணு ரெண்டு கெடக்கும்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "பஸ் ஸ்டாண்டுக்குக் கெழக்க ஒரு சந்து. பேரு நாவகமில்ல" என்றார்.

"ஈரோட்லதான?"

"ஈரோட்லதான்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. 0422 என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டிக்கரை நான்தான் சுரண்டினேன். ஈரோடு இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கு ஊர் மறந்திருக்க முடியாது.

அப்பாவும் பொய் சொல்கிறாரா? எதற்கு? அக்காவைத் தலைமுழுகியவர் அவர்தானே. சோப்புக்கூடப் போடாமல், துணியோடு, எல்லோர் முன்னாலும்.

பிப்ரவரி 18

மாமா ஈரோடு போய்விட்டு வந்தார். கிழக்கே சந்து எல்லாம் அலசியிருக்கிறார். அப்படி ஒரு கடையே இல்லையாம்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவிடம், "என்னக்கா, மச்சானுக்கு ஊரே மறந்து போயிருச்சாட்ட இருக்குது" என்றார். மாமா சிரிக்கும்போது அம்மா சிரிக்கவில்லை என்றால் அவருக்குப் பிடிக்காது. அம்மா சிரித்தாள்.

பிறகு டேப்லெட்டை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். திறந்தது. தன் முகத்துக்கு நேராகத் திருப்பி மூடித் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி எனக்கு நீட்டினார்.

"நீயா பதிஞ்ச?"

"ஆமாங்க மாமா."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே."

போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

இந்த டேப்லெட்டுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 21, சனி

மாமா சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனார்: "தாராபுரத்துல என்ற சிநேகிதன் செல்லுக் கடை போட்டிருக்கறான். இதுக்குள்ள ஒரு நம்பர் இருக்குமாம். அதப் போட்டா எந்தக் கடைக்குப் போன சரக்குன்னு சொல்லிப்போடுவானாம். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன்."

அவர் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். களத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னோடு தனியாகப் பேசியே ரொம்ப நாள் ஆகிறது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மிணி, அது தண்ணில உழுந்தா உள்ள இருக்கறதெல்லாம் போயிருமா?"

"போயிருமுங்கப்பா. மெமரி கார்டுல போட்டு வெளிய எடுத்து வெச்சிருந்தாப் போகாது."

"அந்த நம்பரு?"

"அது மெஷினோட போயிருமுங்க."

ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார். "உன்ற பாடமெல்லாம் இருக்குதல்ல. வேணுங்கறத எடுத்து வெச்சுக்க" என்றார்.

பாடம் எல்லாம் ஏற்கெனவே கார்டில்தான் இருக்கிறது. அதற்கு எதற்கு இவ்வளவு கேள்வி? ஆனால் "கெமிஸ்ட்ரி 4" டேப்லெட்டில் இருந்தது. அதை மட்டும் இப்போது கார்டுக்கு மாற்றி, கார்டைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை கேட்டேன். மூக்குச் சத்தம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

டேப்லெட் கிணற்றில் விழுந்துவிட்டது.

மாமா வண்டி வாசலில் நின்றபோது அப்பா கிணற்று மேட்டில் இருந்தார். கரண்ட் நேரம் பார்க்க டேப்லெட்டைக் கையில் வைத்திருந்தார். மாமாவைப் பார்த்ததும், "வா மாப்ள, தர்றேன்" என்று மோட்டார் பைப்பைப் பார்க்கக் குனிந்தார். அவ்வளவுதான். கல்லில் ஒரு தடவை பட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். எங்கள் கிணறு ரொம்ப ஆழம்.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். நீல கவர் மட்டும் கழன்று மேலே மிதந்தது.

மாமா நிமிரவே இல்லை. கிணற்றைப் பார்த்தபடியே, "வாங்குன காசுக்கு வேல வாங்கோணும்னு சொல்லுவீங்களே மச்சான்" என்றார்.

"வாங்குன காசுக்கு மேலயே வாங்கியாச்சு மாப்ள" என்றார் அப்பா.

ஒரு ஐந்து ரூபாய்ப் பேனா தொலைந்தால் மூன்று நாள் திட்டுகிறவர் அவர். இன்று என்னைப் பார்த்து, "போய்ப் படி" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தெரியும். வாங்கிய அன்றே தெரியும். யாருடைய கையிலிருந்து வாங்கினார் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். இத்தனை நாள் நான் அப்பாவிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில்.

பிப்ரவரி 25

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அந்த வெளிச்சம் இல்லாமல் அடுப்படி வேறு இடம் மாதிரி இருக்கிறது.

ஜாமெட்ரி பாக்ஸில் அக்கா இருக்கிறாள். நகம் அளவு. போட்டுக் கேட்கத்தான் டேப்லெட் இல்லை.

மார்ச் 9

பரீட்சை. எழுத நேரமில்லை.

மாமா ஒரு வாரமாகச் சாப்பிட வரவில்லை. அம்மா தினமும் அவருக்கும் சேர்த்தே சமைக்கிறாள். மீதியை மாட்டுக்குப் போடுகிறாள்.

மார்ச் 26, வியாழன்

கடைசிப் பரீட்சை முடிந்தது. கெமிஸ்ட்ரி. நன்றாக எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால் மாமா. தட்டில் வெற்றிலை, பழம், தேங்காய். ஒரு கூரைச்சேலை. அதன் மேல் சீல் பிரிக்காத புது டேப்லெட். பெரியது, விலை அதிகம். பரீட்சை முடிந்ததற்கு என்றார். சேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியாத மாதிரி இத்தனை நாள் எழுதிக்கொண்டு வந்தேன். இனி எழுத மாட்டேன். எனக்குத் தெரியும்.

மாமாவே சீலைப் பிரித்தார். "இது நிறுத்துன மாடலு இல்ல. இப்பத்தான் வந்தது. மூஞ்சியக் காட்டு அம்மிணி, பதிஞ்சுக்கட்டும்."

திரையில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை வட்டத்துக்குள் வை என்றது. அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் போட்டோ. அதன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, சந்தன மாலைக்குள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முகம் தெரியவில்லை" என்று டேப்லெட் சொன்னது. ஒரு பெண் குரல். மறுபடியும் சொன்னது.

"கண்ணத் தொற" என்றார் மாமா. நான் திறக்கவில்லை.

அப்போது அப்பா குரல் கேட்டது. "புள்ளைக்கு ராத்தூக்கம் இல்ல மாப்ள. நாளைக்குக் காலேஜ் விசாரிக்க ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றோம். அப்புறம் எல்லாம் பாத்துக்கலாம்."

"எந்தூருக்குங்?"

"ஈரோட்டுக்கு."

ஈரோடு என்றால் என்ன என்று அந்த ஹாலில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். மாமா தட்டை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அவர் தோட்டத்தில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கிளம்பி, அணைந்து, மறுபடி கிளம்பி, அணைந்தது. எங்கும் போகவில்லை.

அப்பா கட்டிலை இழுத்து வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. பீடி வாசம் வருகிறது. அம்மா என் துணிகளை மஞ்சப்பையில் அடுக்குகிறாள். ஒரு நாள் விசாரிக்கப் போவதற்கு இத்தனை துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடியில் அந்த வெள்ளைச் சட்டையை வைத்தாள். பழைய நூல்சேலையில் கிழித்த மெத்துத் துணி, குழந்தைக்கு ஆகிற மாதிரி, அதையும் வைத்தாள். கடைசியாகப் போட்டோவுக்குக் கீழே எரிந்த சிவப்பு பல்பைக் கழற்றி, சூடு ஆறட்டும் என்று அடுப்படி மேடையில் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க வரலயாம்மா?"

"நானும் வந்துட்டா இங்க விடியறப்ப ஆரு அடுப்புப் பத்த வெக்கறது? பொக வரலைன்னா அவனுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

வாசலிலிருந்து அப்பா திரும்பாமலே, மெதுவாகச் சொன்னார்:

"அம்மிணி, ஜாமெட்ரி பாக்ஸ எடுத்துக்க. அந்தக் கெமிஸ்ட்ரி நோட்டையும் மறந்துறாத."